பச்சை இலையும் கழற்றிய சட்டையும்

கோயம்புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். சொந்த ஊர் பவானிக்குப் பக்கத்தில், காலிங்கராயன் வாய்க்கால் பாயும் ஒரு சிற்றூர். இரண்டு வருடங்களுக்கு முன் கொங்கு நாட்டு உழவு வேலையை ஐந்து பெரிய ஓவியங்களாக வரைந்து தர ஒப்புக்கொண்டேன். அந்த வேலையில் மூன்று மாதச் சம்பளமும் சேமிப்பும் போயின. அடகு வைத்த இரண்டு வளையல்கள் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன. பணத்தைவிட அதிகமாக வலித்தது, சிறு வயதிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்த ஒரு பெண்மணி என் ஓவியத்தின் முன் நின்று கேட்ட ஒரு கேள்வி. எங்கள் பக்கத்தில் கல்யாண மண்டபம், ஓட்டல், நகைக்கடை, வங்கிக் கிளை என்று எங்கு திறந்தாலும் சுவரில் உழவர் ஓவியம் மாட்ட விரும்புகிறார்கள். அந்த வேலையை எடுக்கும் இளையவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாதவற்றை உங்களுக்காகவே எழுதுகிறேன்.

புதிதாகக் கட்டிய ஒரு கல்யாண மண்டபத்துக்காரர்கள் தெரிந்தவர் மூலமாக அழைத்தார்கள். ஆறடிக்கு நான்கடியில் ஐந்து ஓவியங்கள். மஞ்சள் வெட்டு, நெல் நடவு, கரும்பு வெட்டு, வெல்லம் காய்ச்சும் ஆலை, செம்மறி ஆடுகள் அடையும் பட்டி என்று அவர்களே பட்டியல் வைத்திருந்தார்கள். ஓவியம் ஒன்றுக்கு 40,000 ரூபாய், முன்பணம் 30,000. எல்லாம் வாய்ப்பேச்சு. காபி கொடுத்தார்கள், வெற்றிலை பாக்கில் வைத்துப் பணம் கொடுத்தார்கள், அந்த மரியாதையில் மயங்கி ஒரு தாளில்கூட எதையும் எழுதி வாங்காமல் வந்தேன். 2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை அவர்களுக்கு இருந்ததால், மஞ்சள் ஓவியம் நுழைவாயிலுக்கு நேர் எதிரே வர வேண்டும் என்றார்கள். அதன் கீழே ‘உழுதுண்டு வாழ்வாரே வாழ்வார்’ என்ற குறளைப் பித்தளை எழுத்தில் பதிக்கவும் திட்டம். எனக்கும் அது பிடித்திருந்தது. அந்தக் குறள் உழுது தானே உண்பவனைப் பற்றிப் பேசுகிறது என்பதும், நான் வரையப்போகும் பெண்களில் ஒருவருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது என்பதும் அப்போது மனத்தில் உறைக்கவில்லை.

தை மாதம் பெரியப்பாவின் தோட்டத்தில் மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தது. பெரியப்பாவிடம் கேட்டேன், ‘போய் எடுத்துக்கொள் அம்மிணி’ என்றார். வரப்பில் நின்று இருபது நிமிடங்களில் கைப்பேசியில் நூற்று நாற்பது படங்கள் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் திரும்பினேன். வேலை செய்தவர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் நிமிர்ந்து சிரித்தார்கள், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தோட்டக்காரரின் வீட்டுப் பெண் கைப்பேசியை நீட்டும்போது, அன்றைய கூலியை அந்தத் தோட்டத்தில் வாங்க வேண்டியவர் வேறு என்ன செய்வார்? இதை முதல் பாடமாகவே சொல்கிறேன். நில உடைமையாளரிடம் கேட்ட அனுமதி நிலத்துக்கு மட்டும்தான் செல்லும். அங்கே குனிந்திருப்பவரின் முகத்துக்கு அவரிடம்தான் கேட்க வேண்டும். அதுவும் உடைமையாளர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அவரால் முடியாது என்று சொல்ல முடிகிற இடத்தில்.

பென்சிலில் மாதிரி வரைந்து மண்டபத்துக்காரர்களுக்குக் காட்டினேன். எங்கள் பக்கம் காட்டு வேலைக்கு, அதாவது வயல் வேலைக்கு, போகும் பெண்கள் சேலைக்கு மேல் கணவனுடைய அல்லது மகனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள், தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். அந்தச் சட்டையை எடுத்துவிடச் சொன்னார்கள், சேலையின் நிறம் தெரிய வேண்டுமாம். பிளாஸ்டிக் குடம் மண்பானை ஆனது. ஒரு பெண்ணின் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி காணாமல் போனது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அவர்கள் கேட்டதற்கு மேலேயும் நானாகச் சேர்த்தேன். பெண்களின் வயதைப் பதினைந்து வருடம் குறைத்தேன், இலையைக் கரும்பச்சையாகத் தீட்டினேன், மண்ணிலிருந்து எழும் கிழங்குக்குப் பளிச்சென்று மஞ்சள் வைத்தேன். சிறு வயதில் வீட்டுச் சுவர்களில் தொங்கிய மாத நாட்காட்டிகள் என் கைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தன என்பது அப்போது தெரியவில்லை. இடுப்பில் குடம், கன்னத்தில் குழி, பின்னால் தென்னை. தூரிகையை எடுத்தால் கை தானாக அங்கே போனது.

கல்லூரியில் படித்தபோது இதற்கான எச்சரிக்கையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிரான்சில் மில்லே என்ற ஓவியர் 1857இல் ‘கதிர் பொறுக்குவோர்’ என்ற ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கும் மூன்று பெண்கள். இருவர் முழுதாகக் குனிந்திருக்கிறார்கள், மூன்றாமவர் பாதி நிமிர்ந்த நிலை. பின்னால் தூரத்தில் மலை போல் வைக்கோல் போர், நிறைந்த வண்டி, குதிரை மேல் மேற்பார்வையாளர். விளைச்சல் யாருக்கு, மிச்சம் யாருக்கு என்பதை ஒரே சட்டத்துக்குள் வைத்துவிட்டார். 1848 புரட்சியின் பயம் இன்னும் தெளியாத பாரீசின் மேல்தட்டுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டே வருடங்கள் கழித்து 1859இல் ஜூல் பிரெத்தோன் என்பவர் அதே பொருளை எடுத்தார். அவருடைய பெண்கள் அந்தி வெளிச்சத்தில் வெறுங்காலுடன், தலையிலும் தோளிலும் கதிர்க்கட்டோடு, அரசிகளைப் போல நிமிர்ந்து வீடு திரும்புகிறார்கள். அதை அரச குடும்பம் விரும்பி வாங்கிக்கொண்டது. ஒன்றில் வேலை நடக்கிறது, மற்றதில் வேலை முடிந்துவிட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து மதிப்பெண் கேள்விக்கு விடையாக எழுதியவள், என் சொந்தத் தோட்டத்தை வரையும்போது பிரெத்தோன் பக்கமே போய் நின்றேன். பிரெத்தோன் அளவுக்குத் திறமையும் இல்லாமல்.

பங்குனியில் மஞ்சள் ஓவியமும் நடவு ஓவியமும் முடிந்தன. சட்டம் போடும் தச்சர் பவானியில் இருந்ததால் வேனில் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் பெரியப்பா வீட்டில் இறக்கி வைத்தேன். மாலை நேரம், கூலி வாங்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் இருந்தார்கள். பெருமையாகத் துணியை விலக்கினேன். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு மூத்தவர் ஒருவர் கேட்டார்: ‘ஏனுங்க அம்மிணி, இலை இவ்வளவு பச்சையாக இருக்கும்போது எந்தக் காட்டில் மஞ்சள் வெட்டுகிறார்கள்?’

மஞ்சள் ஒன்பது, பத்து மாதப் பயிர். சித்திரை, வைகாசியில் நட்டது தை, மாசியில் இலை காய்ந்து சாய்ந்த பிறகு, அந்தத் தாளை அறுத்து ஒதுக்கிவிட்டுத்தான் கிழங்கை வெட்டுவார்கள். பொங்கலுக்கு வாசலில் கட்ட விற்கும் கொத்து மட்டுமே பச்சை இலையோடு பிடுங்கப்படுவது. நான் எடுத்த புகைப்படங்களிலேயே தரை மொட்டையாகத்தான் இருந்தது. ஓவியத்துக்கு எடுப்பாக இருக்காது என்று நான்தான் இலையை வரைந்திருந்தேன். ஒருவர் தொடங்கியதும் மற்றவர்களும் பேசினார்கள். வெட்டியவுடன் கிழங்கு எங்கே மஞ்சளாக இருக்கிறது, மண் அப்பிப் பழுப்பாக அல்லவா இருக்கும், உடைத்தால்தானே உள்ளே நிறம்? எங்கள் காட்டில் கொத்துக் கருவியால் வெட்டிப் புரட்டுவது ஆண்கள், மண்ணை உதிர்த்து விரல் போல் நீண்ட விரலி தனியாகத் தாய்க்கிழங்கு தனியாகப் பிரிப்பது நாங்கள், இதில் எல்லாப் பெண்களும் கொத்தைத் தலைக்கு மேல் ஓங்குகிறார்களே? அப்படி ஓங்கினால் கிழங்கு இரண்டாகப் போகாதா? நடவு ஓவியத்துக்கு வந்தார்கள். நாற்று நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே போவார்கள், இவர்கள் நட்ட பயிரை மிதித்துக்கொண்டு முன்னால் வருகிறார்கள் என்றார் இன்னொருவர். சட்டையைப் பற்றியும் கேட்டார்கள். கரும்புக்காட்டுக்குள் சட்டை இல்லாமல் போனால் கரும்பின் தோகையான சோகை கையை அறுத்துவிடும், அது தெரியாதா என்றார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. தப்பாக முடிந்த ஒரு வேலையைப் பார்த்துத் திருத்தம் சொல்கிற நிதானத்தோடு சொன்னார்கள். எந்தக் கலை விமர்சகரும் என் ஓவியத்தை இவ்வளவு நெருங்கிப் படித்ததில்லை.

கடைசியாக ஒருவர் ஓவியத்துக்கு மிக அருகில் வந்தார். அவருடைய முகத்தைத்தான் முன்னால் நிற்கும் பெண்ணுக்கு வைத்திருந்தேன், வயதை மட்டும் குறைத்து. என்னைத் தூக்கி வளர்த்தவர் என்றேனே, அவர்தான். ‘இது எங்கே மாட்டுவதற்கு?’ என்றார். சொன்னேன். அவருடைய மகள் கல்லூரி முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் கணக்கெழுதுகிறாள், அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘நாளைக்குச் சம்பந்தி வீட்டார் அந்த மண்டபத்துக்கு ஒரு விசேஷத்துக்கு வந்தால், பெண்ணின் அம்மா சுவரில் கூலி வேலை செய்துகொண்டு நிற்பாள். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா கண்ணு?’ என்றார். எங்கள் வீட்டில் நான் சிறுமியாக இருந்தபோது இவருக்கும் இவர் போன்றவர்களுக்கும் தனித் தம்ளர் இருந்தது. மாடு கட்டும் கட்டுத்தரைக் கூரையின் ஓலையில் செருகி வைத்திருப்பார்கள். அதில்தான் நானே காபி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். உழைப்பைப் போற்றுவதாக நினைத்து நான் செய்ததும் அந்தத் தம்ளரின் தொடர்ச்சிதான் என்று அன்று இரவு புரிந்தது. தூங்கவில்லை.

பிறகுதான் பழைய கதைகளை வேறு கண்ணோடு படித்தேன். 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரதியா லாங் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த தாயின் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அந்தப் பெண்ணின் பெயரைத் தான் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவருடைய பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், அதனால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று தாம்சன் வருந்தினார். அந்தப் படம் அரசு அதிகாரிகளை அசைத்து முகாமுக்கு உணவு அனுப்பச் செய்தது என்பதும் உண்மை. நன்மை நடந்தது, அது முகத்துக்கு உரியவரைக் கேட்காமல் நடந்தது. வான் கோ 1885இல் நெதர்லாந்தின் நூனென் கிராமத்தில் ‘உருளைக்கிழங்கு உண்போர்’ வரைந்தார். அதற்கு முந்தைய குளிர்காலம் முழுவதும் உழவர்களின் தலைகளைப் பத்துப் பத்தாக வரைந்து பழகினார், உட்கார்ந்தவர்களுக்குப் பணமும் கொடுத்தார். அப்படி இருந்தும், அவருக்கு உட்கார்ந்த கோர்தினா என்ற இளம்பெண் கருவுற்றபோது ஊரார் ஓவியரைச் சந்தேகித்தார்கள். இனி யாரும் அவருக்கு உட்காரக் கூடாது என்று பாதிரியார் தடுத்தார். ஓவியர் ஊரைவிட்டுப் போய்விட்டார், அந்தப் பெண் அங்கேயேதான் வாழ்ந்தாக வேண்டியிருந்தது. ஆகவே, ஒருவரிடம் அனுமதி கேட்கும்போது ‘ஒரு ஓவியம் வரையட்டுமா’ என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே மாட்டுவார்கள், யார் யார் பார்ப்பார்கள், எத்தனை வருடம் இருக்கும், கைப்பேசியில் பரவக்கூடுமா என்பதைச் சொல்லிக் கேளுங்கள். மறுநாள் இன்னொரு முறை கேளுங்கள். முதல் நாள் தலையாட்டிய மூன்று பேர் இரண்டாம் நாள் என்னிடம் வேண்டாம் என்றார்கள். வீட்டில் பேசிவிட்டு வந்திருந்தார்கள்.

இரண்டு ஓவியங்களின் மேலும் வெள்ளை பூசினேன். முன்பே பாதிச் சம்பள விடுப்பு முடிந்திருந்தது, மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பக்கத்து ஊரில் பின்பட்டத்து மஞ்சள், அதாவது தாமதமாக நட்டது, ஒரு தோட்டத்தில் மிச்சம் இருந்தது. அங்கே பதினொரு நாட்கள் வேலைக்குப் போனேன், கூலி வாங்காமல். என் வேகத்துக்குக் கூலி கேட்பது நியாயமாகவும் இருக்காது. முதல் நாள் பத்து மணிக்கே இடுப்பு விட்டுப்போனது. குந்தி உட்கார்ந்து, நகர்ந்து, மண்கட்டியைத் தட்டி உடைத்து, விரலியைப் பிரித்துக் கூடையில் எறிவது என்ற ஒரே வேலை. வலி முதுகில் வரும் என்று நினைத்திருந்தேன், கட்டைவிரல் நகத்தடியில்தான் முதலில் வந்தது. மூன்றாம் நாள் நகத்துக்கும் சதைக்கும் நடுவே மண் ஏறி வீங்கியது. விரல்களில் ஏறிய மஞ்சள் கறை இரண்டு வாரம் போகவில்லை. என்னோடு வேலை செய்தவர்கள் பன்னிரண்டு பெண்கள், என்னைத் தவிர நாற்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை. இளையவர்கள் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். என் பழைய ஓவியத்தில் இருபத்தைந்து வயதுப் பெண்கள் ஐந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மதியம் வேப்பமரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து எல்லோருடைய குழம்பும் எல்லோருக்கும் போகும். முதல் நாள் என்னிடம் நீட்டத் தயங்கினார்கள். நானே கை நீட்டிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றிலிருந்துதான் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர்களை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். முப்பத்தெட்டு வயதில்.

நேரில் பார்த்து வரைவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது எந்த வகுப்பிலும் எனக்குக் கற்றுத்தரப்படவில்லை. வேலை செய்பவரை நிறுத்திவைத்து வரையாதீர்கள். பேசிவிட்ட வேலையாக ஏக்கர் கணக்கில் எடுத்துச் செய்பவர்களை நிறுத்தினால் அந்தக் குழு முழுவதற்கும் நட்டம், அதோடு நிறுத்தியவுடன் உடம்பு வேறு உடம்பாகிவிடும், எடை காலிலிருந்து விலகிவிடும். அதற்குத் தேவையும் இல்லை. காட்டு வேலை திரும்பத் திரும்ப வருவது. மண்ணைத் தட்டும் அதே கை அரை நிமிடத்தில் மறுபடி அதே இடத்துக்கு வரும். நான்கைந்து தாள்களை மடியில் விரித்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தாள் என்று வைத்துக்கொண்டு, அந்த நிலை திரும்பி வரும்போதெல்லாம் அந்தந்தத் தாளில் இரண்டு கோடு சேர்த்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் ஐந்து உருவங்கள் தேறிவிடும். கைப்பேசிப் படம் ஒரு கணத்தைத்தான் பிடிக்கிறது, அந்தக் கணத்தில் எடை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. கொத்து மண்ணில் இறங்கும் கணத்தில் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை என்னுடைய நூற்று நாற்பது படங்களில் ஒன்றும் காட்டவில்லை. முகத்தைக் கூர்ந்து வரைய வேண்டுமானால் வேலை இல்லாத நாளில் வரச் சொல்லி ஒரு நாள் கூலியை முழுதாகக் கொடுங்கள். பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு 400 ரூபாய் கொடுத்தேன். இது உதவி என்ற நினைப்பு வேண்டாம், உட்கார்ந்திருப்பதும் வேலைதான். விடியற்காலையில் போங்கள், ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும், பென்சிலும் வண்ணப் பென்சிலும் போதும்.

நிறத்துக்கு எனக்கு வழி காட்டியது வான் கோவின் ஒரு கடிதம். தன் ஓவியத்து உழவர்களின் நிறம், தோலுரிக்காத, புழுதி படிந்த உருளைக்கிழங்கின் நிறம் போல இருக்க வேண்டும் என்று தம்பிக்கு எழுதியிருக்கிறார். மண் ஒட்டிய மஞ்சள் கிழங்கை மேசைமேல் வைத்துக்கொண்டு மூன்று நாள் நிறம் கலந்தேன். கடைசியில் அந்தக் காட்டு மண்ணையே எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கல்லும் வேரும் நீங்க மெல்லிய துணியில் வடித்து, அடியில் தங்கிய வண்டலைக் காயவைத்துப் பொடித்து அக்ரிலிக் ஊடகத்தோடு குழைத்தேன். நன்றாகச் சேர்ந்தது. செய்கிறவர்கள் சிறு துணித்துண்டில் பூசி ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், அவசரப்பட்டுப் பெரிய ஓவியத்தில் போட்டால் வெடிப்பு விடும், எனக்கு ஒரு மூலையில் விட்டது. தரை முழுதும் அந்த மண், பெண்களின் மேல் வெளுத்த நீலச் சட்டைகள், ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். மஞ்சள் நிறம் அந்த ஓவியத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, உடைந்துபோன ஒரு விரலியின் வாயில்.

இந்த முறை மாதிரிகளை முதலில் அந்தப் பெண்களுக்குத்தான் காட்டினேன். கூடை எங்கே இருக்க வேண்டும் என்பதிலிருந்து துண்டை எப்படி முடிவார்கள் என்பது வரை திருத்தினார்கள். என்னைக் கேள்வி கேட்டவர் தன் முகம் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். ‘முதுகை வேண்டுமானால் வரைந்துகொள்ளுங்கள், முதுகை வைத்து யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்’ என்றார். மில்லேயின் பெண்களுடைய முகங்களும் பெரும்பாலும் நிழலில்தான் இருக்கின்றன. முகத்தை மறைப்பது அவர்களைப் பெயரற்ற கூட்டமாக்கிவிடும் என்று ஒரு காலத்தில் கட்டுரை எழுதியிருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். மறைத்தது யார் முடிவு என்பதைப் பொறுத்தது அது.

ஆவணியில் ஐந்து ஓவியங்களையும் மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். வேனில் ஏற்றும்போது இரண்டு ஓவியங்களை முகத்தோடு முகம் வைத்துக் கட்டிவிட்டார்கள், பவானி தாண்டுவதற்குள் மழை பிடித்து நடவு ஓவியத்தில் உள்ளங்கையளவு வண்ணம் ஒட்டிப் பிய்ந்தது. பெரிய ஓவியங்களைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணம் பூசிய பக்கம் வெளியே வரும்படி அகலமான குழாயில் சுற்றி எடுத்துப் போவதே நல்லது, போன இடத்தில் மறுபடி சட்டத்தில் இழுத்து அடித்துக்கொள்ளலாம். மண்டபத்துக்காரர்கள் வெகுநேரம் பார்த்தார்கள். ‘நல்ல காரியம் நடக்கும் இடத்தில் இதை எப்படி மாட்டுவது? துக்க வீடு போல இருக்கிறது’ என்றார்கள். அழுக்குச் சட்டையும் வயதான பெண்களும் வேண்டாம், முதலில் காட்டிய மாதிரிபோல் வரைந்து தாருங்கள் என்றார்கள். அதை இனி வரைய முடியாது என்றேன். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் ஒப்புக்கொண்ட மாதிரியை மாற்றியது நான். மாற்றப்போகிறேன் என்று நடுவில் ஒரு முறைகூட அவர்களிடம் சொல்லவில்லை. வளையல் அடகு வைத்து இரண்டு தவணையில் 30,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.

கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன். துணி, சட்டம், வண்ணம் முதல் முறை 58,000. மறுபடி வரைய 26,000. சம்பளமில்லா விடுப்பு மூன்று மாதம், மாதம் 24,000 வீதம் 72,000. வேன் வாடகை 9,000. உட்கார்ந்தவர்களுக்குக் கூலி 4,800. மொத்தம் 1,69,800 ரூபாய். இதில் நான் வருந்தாத செலவு கடைசி ஒன்றுதான். பின்னாளில் கரும்பு வெட்டு ஓவியத்தை ஒரு மருத்துவர் 25,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். இப்போது யார் வேலைக்கு அழைத்தாலும் ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். பாதித் தொகை முன்பணம், மாதிரி ஒப்புதலான பிறகு கால்வாசி, கொடுக்கும்போது மீதி. மாதிரிக்குப் பிறகு எந்தப் பக்கம் மாற்றம் கேட்டாலும் எழுத்தில் கேட்பது, இரண்டு திருத்தத்துக்கு மேல் தனிக் கட்டணம், அவர்கள் நிறுத்தினால் முன்பணம் திரும்பாது, நான் நிறுத்தினால் திரும்பும். வரையப்படுபவர்களின் கூலியைத் தனி வரியாகக் கணக்கில் காட்டுகிறேன், அதற்கு இதுவரை யாரும் மறுப்புச் சொன்னதில்லை. காட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகே மாதிரி தருவேன் என்பதும் அதில் உண்டு. தாளில் எழுதக் கூச்சமாக இருந்தால் பேசி முடித்த அன்றே வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பி, ‘சரி’ என்று ஒரு பதிலையாவது வாங்கிவிடுங்கள்.

மீதி நான்கு ஓவியங்களில் மூன்று என் பள்ளியின் மாடி அறையில் துணி போர்த்தி இருக்கின்றன. நான்காவது, மஞ்சள் காடு, பெரியப்பா வீட்டுத் திண்ணையில் மாட்டியிருக்கிறது. கூலி வாங்க வரும்போது அந்தப் பெண்கள் அதைப் பார்க்கிறார்கள், சில நேரம் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டுகிறார்கள். முதுகை மட்டும் கொடுத்தவரின் மகளுக்குப் போன வைகாசியில் கல்யாணம் ஆனது, பத்திரிகை வைக்க என் வீட்டுக்கே வந்தார், அடுத்த தையில் காட்டுக்கு வருவாயா என்று கேட்டுவிட்டுப் போனார். பள்ளியில் பொங்கல் விடுமுறையோடு சேர்த்து ஆறு நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன்.